கரண்ட் இல்லாமல் ஓடிய மில்

காதில் மாட்டியிருக்கிறதைக் கொஞ்சம் கழற்றுங்க தம்பி. திருநெல்வேலி வரைக்கும் எதிரெதிரே உட்கார்ந்து வரப்போகிறோம். முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு, வாயையும் திறக்காமல் வந்தால் அது ரயில் பிரயாணமா, பல் ஆஸ்பத்திரியா? கழற்றியாச்சா? நல்லது. எனக்கு ஒரு நியாயம் வேண்டும். ஊரில் கேட்டால் கிடைக்காது. ஊரில் என்னைக் 'குடை' அருமைநாயகம் என்பார்கள். ஒரு புயலில் நான் குடையோடு பறந்துபோய் உடன்குடி பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். இறங்கின இடத்திலேயே ஒரு கண்டக்டர் டிக்கெட் கேட்டான். நடந்ததை நடந்தபடி சொன்னதற்கு வைத்த பேர் அது. சிரிக்கிறீங்க. சிரிங்க. ஆனால் இப்போது சொல்லப்போவது குடைக் கதை இல்லை.

எங்களுக்கு எலிம்விளை. மாவு மில் வைத்திருக்கிறேன். அரிசி, மிளகாய், மல்லி, எது கொண்டுவந்தாலும் அரைப்பேன். வீட்டுக்காரி பேர் சொர்ணபாய். கல்யாணமான புதிதிலேயே வேலையைப் பிரித்துக்கொண்டோம். மில் எனக்கு, ஆண்டவர் அவளுக்கு. நான் கோயிலுக்குப் போகாதவன் இல்லை. போவேன், வெள்ளை வேட்டி கட்டுவேன், பாட்டுக்குக் கட்டைக் குரல் கொடுப்பேன். ஆனால் சாயங்காலம் விளக்குப் போட்டதும் குடும்ப ஜெபம் பண்ணுகிறவள் அவள்தான். ஜெபமென்றால், பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரி பேசுவாள். 'இன்னைக்கு மீன்காரன் ஏமாத்திட்டான் ஆண்டவரே' என்பது வரைக்கும் சொல்வாள். நான் பின்னால் முழங்கால் போட்டுத் தலையைக் கட்டிலில் சாய்த்துக்கொள்வேன். ஆமென் வரும்போது முழித்துக்கொள்வேன்.

அந்த வீட்டில் ஜெபம் நின்றுபோனது தம்பி. அதுதான் விஷயம். நின்றுபோனதை மறுபடி ஓட்டிவிட நான் பட்ட பாட்டுக்கு எனக்குக் கிடைத்த கூலி என்ன என்று கேளுங்க.

எங்களுக்கு ஒரே மகள், பியூலா. பாளையங்கோட்டையில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். வருஷக்கணக்காகப் பிள்ளை இல்லை. அவள் அம்மா வெள்ளிக்கிழமை தோறும் உபவாசம். பச்சைத்தண்ணீர் பல்லில் படாது. மில்லுக்கு எனக்குச் சோறு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நான் சாப்பிடுகிறதைப் பார்க்கக்கூட மாட்டாள், வெளியே போய் நின்றுகொள்வாள். கடைசியில் பியூலா உண்டானாள். ஏழாம் மாதம். எங்கள் கோயிலில் மாதக் கடைசி வெள்ளி உபவாசக் கூட்டம் நடக்கும். அதில் சாட்சி நேரம் என்று உண்டு. ஆண்டவர் யாருக்காவது நன்மை செய்திருந்தால் எழும்பி நின்று நாலு பேர் அறியச் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் ஒரு தடவைகூட எழும்பாத சொர்ணபாய், அன்றைக்கு எழும்பினாள். "என் ஜெபத்தைக் கேட்டாரு" என்றாள். அதற்குமேல் பேச்சு வரவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இரண்டு ஸ்தோத்திரம்கூடச் சேர்த்துச் சொல்லத் தெரியவில்லை. நானாயிருந்தால் முக்கால் மணி நேரம் ஓட்டியிருப்பேன்.

பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தது. பொம்பளைப் பிள்ளை.

அதைக்கூடச் சொர்ணபாய் தாங்கிக்கொண்டாள். அடுத்த ஞாயிறு கோயில் நடையில் செருப்பு மாட்டும்போது மேபல் டீச்சர் இன்னொருத்தியிடம் சொன்னாள்: "சொர்ணம் சாட்சி சொல்ல அவசரப்பட்டுட்டா. கையில வாங்குன பொறவு சொல்லியிருக்கலாம்." மெதுவாகச் சொல்கிறதாக நினைத்துத்தான் சொன்னாள். வாழ்நாளெல்லாம் ஐம்பது பிள்ளைகளை அதட்டின தொண்டை, மெதுவாக எப்படி வரும்? சொர்ணபாய் காதில் விழுந்தது. அன்றைக்குச் சாயங்காலம் பாயை விரித்தாள், முழங்கால் போட்டாள், திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நீங்களே பண்ணுங்க."

"நானா?"

"ஆமா. எனக்கு வரல."

கரண்ட் கட்டான மாதிரி இருந்தது தம்பி. நான் ஆரம்பித்தேன். ஸ்தோத்திரம் ஆண்டவரே என்றேன். அடுத்து? ஒன்றுமில்லை. மறுபடியும் ஸ்தோத்திரம் என்றேன். பிறகு கோயிலில் கேட்டதையெல்லாம் இழுத்துப் போட்டேன். நாட்டை ஆளுகிறவர்கள், கப்பலில் போகிறவர்கள், சிறைச்சாலையில் இருக்கிறவர்கள். அப்படியே போய் "இந்த மணமக்களை ஆசீர்வதியும்" என்று வந்து நின்றுவிட்டேன். கோயிலில் நான் முழுசாக முழித்திருந்து கேட்ட ஜெபம் கல்யாண ஜெபம் ஒன்றுதானே, அது முடிந்தால்தான் பந்தி. பழைய சொர்ணபாயாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். குடைக் கதைக்கு இன்றைக்கும் சிரிக்கிறவள் அவள். அன்றைக்கு உதடு அசையவில்லை. பாயைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

அதற்குப்பிறகு கோயிலுக்கு வருவாள், உட்காருவாள், பாட்டுப்புத்தகத்தைத் திறந்து வைத்திருப்பாள், வாய் திறக்கமாட்டாள். ஆண்டவரைத் திட்டவாவது செய்தாளா? அதுவும் இல்லை. ஒரு வீட்டில் இரண்டு பேர் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. நான் அந்த இரண்டு பேருக்கும் நடுவில் சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு முழிக்கிறேன்.

சரி, அவள் பேசாவிட்டால் நாம் போய்ப் பேசுவோம் என்று இறங்கினேன். கிண்டலாகச் சொல்லவில்லை தம்பி, உண்மையாகவே தேடினேன். மத்தியானம் கோயில் திறந்திருக்கும், ஆள் இருக்காது. போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். "நான் அருமைநாயகம். சொர்ணபாய் வீட்டுக்காரன்" என்று விலாசம் சொன்னேன். அவருக்கு அவளைத்தானே பழக்கம். பதில் இல்லை. விடிந்தும் விடியாமல் எழும்பி முற்றத்தில் உட்கார்ந்தேன். கொசு வந்தது, அவர் வரவில்லை. வேதத்தை ஆதியிலிருந்து எடுத்தேன், வம்ச வரலாற்றில் போய் மாட்டிக்கொண்டேன். கோயிலில் ஆராதனை நடத்துகிற உபதேசியாரிடம் கேட்டேன். "வேலை செய்யும்போதும் ஜெபியுங்க மாமா, ஓயாம ஜெபியுங்க" என்றார். அது நல்ல யோசனையாகப் பட்டது. மில் ஓடும்போது என்ன கத்தினாலும் வெளியே கேட்காது.

அப்படியே செய்தேன். மேலே மிளகாயைக் கொட்டுவேன், கீழே துணிப்பையைத் தட்டுவேன், வாய் அது பாட்டுக்குக் கத்திக்கொண்டிருக்கும். முதலில் மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன். பதில் இல்லாத ஆளிடம் எத்தனை நாள் மரியாதை காட்டுவது? ஒருநாள் பொம்பளைகள் தூக்குவாளியும் டின்னுமாக வாசல் வரைக்கும் நிற்கிறார்கள், மோட்டார் இரைகிறது, நான் தொண்டை கிழியக் கத்துகிறேன்: "ஏன்யா அந்தப் பச்சைப்பிள்ளைய எடுத்தீரு? எடுக்கணும்னா என்னைய எடுத்திருக்கலாம்லா? அவ வாய ஏன் அடைச்சீரு?"

கரண்ட் போய்விட்டது. 'எடுத்திருக்கலாம்லா' என்கிறபோதே போய்விட்டது. மிச்சத்தை எலிம்விளை முழுக்கக் கேட்டது.

வாசலில் நின்ற ஜெனிட்டா, எங்கள் தெருவுக்கு மருமகளாக வந்த பிள்ளை, கேட்டாள்: "மாமா, யார்ட்ட பேசுதிய?"

"கிறிஸ்மஸ் நாடகத்துக்கு வசனம் பார்க்கேன்."

"பங்குனி மாசத்துலயா?"

"நீளமான வசனம் பிள்ள."

"கண்ணுல தண்ணி வருதே மாமா."

"மிளகாய் அரைக்கிறவன் கண்ணில் பின்னே பாலா வரும்?" என்றேன். மிளகாய்தான் தம்பி. நீங்க ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? மிளகாய்தான்.

இப்படி எல்லா வாசலும் தட்டியாயிற்று, ஒன்றும் திறக்கவில்லை. அப்போது எனக்கு ஒரு யோசனை. ஆண்டவர் சொர்ணபாயிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் சரியாகிவிடுவாள். அவர் சொல்லமாட்டேன் என்கிறார். எனக்கோ வார்த்தைக்குப் பஞ்சமில்லை. அவர் செய்யவேண்டிய வேலையை நான் செய்தால் என்ன? உதவிதானே?

அடுத்த கடைசி வெள்ளி, சாட்சி நேரத்தில் எழும்பினேன். நான் எழும்பினதும் நாலைந்து பேர் அப்போதே சிரிக்கத் தயாரானார்கள். நான் சிரிக்க விடவில்லை. குரலை இறக்கினேன். "மத்தியானம். கரண்ட் இல்லை. மில்லில் நான் தனியே உட்கார்ந்திருக்கிறேன். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்தார். கையில் டின் இல்லை, பை இல்லை. 'என்ன அரைக்கணும்?' என்று கேட்டேன். அவர் மோட்டார்மேல் கையை வைத்தார். கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடியது. பெல்ட் சுற்றியது. ஒரு பொட்டுச் சத்தமில்லை. 'ஸ்திரீயாகிய சொர்ணபாய்க்குச் சொல், நான் அவளை மறந்துவிடவில்லை' என்றார். நிமிர்ந்து பார்க்கிறேன், ஆளைக் காணோம். வாசலெல்லாம் மாவு சிந்திக் கிடக்கிறது, அதில் ஒரு காலடி இல்லை."

குடைக் கதையை நம்பாத ஊர், இதை நம்பிவிட்டது! அல்லேலூயா என்று ஒரு சத்தம், ஓடு பெயர்ந்துவிடும்போல. உபதேசியார் கண்ணைத் துடைக்கிறார். மேபல் டீச்சர் எழும்பிப்போய் சொர்ணபாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுகிறாள். "என்னை மன்னிச்சுருட்டி." நான் சொர்ணபாய் முகத்தைப் பார்க்கிறேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, மில் கல்லுக்கு நடுவில் கையைக் கொடுத்த மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்தோம். கதவைச் சாத்தினாள்.

"ஸ்திரீயாகிய சொர்ணபாயா?"

"அவரு அப்படித்தான் சொன்னாரு."

"அவரு என்னைய ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டது கிடையாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பின்ன எப்படிக் கூப்பிடுவாரு?"

அதற்குப் பதில் சொல்லவில்லை தம்பி. இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை. ஒரே வீட்டில் இத்தனை வருஷம் குடியிருக்கிறேன், அவர் இவளைத் தனியாக ஒரு பேர் வைத்துக் கூப்பிடுகிற சங்கதி எனக்குத் தெரியாது. "எனக்கு ஒண்ணு சொல்லணும்னா அவருக்கு இந்த வீட்டு வழி தெரியாதா? ஒங்க வாயிலயா சொல்லிவிடுவாரு? ஊரை ஏமாத்துங்க, ஒங்க குடையில ஆகாசத்துக்குப் போங்க, நான் கேட்டேனா? அவரை ஏங்க இழுத்திய?" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். சோறு வைத்தாள். மீன் வைக்கவில்லை. குழம்பு மட்டும்.

ஊர் அதோடு விட்டதா? மறுநாள் விடியுமுன் மில் வாசலில் கூட்டம். மோட்டாரைத் தொட்டுப் பார்க்க வருகிறார்கள். தரையில் சிந்தின மாவை வழித்துக் காகிதத்தில் மடித்துக்கொண்டு போகிறார்கள், காய்ச்சல்காரப் பிள்ளைக்குக் கலக்கிக் கொடுக்கவாம். அதில் மிளகாய்ப்பொடியும் கிடக்கும் என்றால் கேட்கிறார்களா? பக்கத்து ஊர்ச் சபைகளிலிருந்து வந்து சாட்சி சொல்லக் கூப்பிடுகிறார்கள். ஒரு சபையில் நோட்டீஸே அடித்துவிட்டார்கள், என் படத்தோடு. இதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் எதற்காகச் சொன்னேனோ அது நடக்கவில்லை. சொர்ணபாய் பாயை விரிக்கவே இல்லை.

அப்போதுதான் ஒருநாள் ஜெனிட்டா வீட்டுக்கு வந்தாள். அவளுக்கும் கல்யாணமாகிப் பிள்ளை இல்லை. மாமியார்க்காரி வாய் சும்மா இருக்காது. நேரே வந்து சொர்ணபாய் முன்னால் முழங்கால் போட்டுவிட்டாள்.

"அத்தை, ஆண்டவரே ஒங்களுக்கு ஆள் அனுப்பிச் சொல்லியிருக்காரு. எந்தலையில கையை வச்சு ஒரு ஜெபம் பண்ணுங்க. ஒங்க ஜெபத்தைத் தட்டமாட்டாரு."

சொர்ணபாய்க்கு முகம் வெளுத்துப்போனது. கையை வைத்தால் என் பொய்க்கு அவளும் கூட்டு. வைக்காவிட்டால் அந்தப் பிள்ளை அழுதுகொண்டு போகும். "இரிட்டி" என்று சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். நான் சும்மா இருப்பேனா, போய்க் கதவில் காதை வைத்தேன்.

முதலில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பிறகு வந்தது பாருங்க குரல். சந்தையில் தராசைப் பிடுங்கிச் சண்டை போடுகிற குரல்.

"இந்த மனுஷன் சொன்னது பச்சைப் பொய். ஒமக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒம்ம பேரைச் சொல்லிப் புளுகிட்டு மீன் இல்லையான்னு கேக்காரு. இந்த ஆளோட நான் எப்படிக் காலந்தள்ளுனேன்னு ஒமக்குத் தெரியும். எனக்கு ஒம்மமேல கோவம் ஆறல. ஆறுமான்னும் தெரியல. எம்பிள்ளை பிள்ளைய ஏன் கொடுக்குற மாதிரி காட்டி எடுத்தீரு? நான் ஒம்மகிட்ட பேசக்கூடாதுன்னு இருந்தேன். இப்ப அந்தப் பிள்ளை வெளிய முட்டுப் போட்டுக் கெடக்கு. நான் என்ன செய்ய, சொல்லும்."

அவ்வளவு நாள் அடைத்துக் கிடந்தது, தம்பி. மடை திறந்த மாதிரி. பாதிக்குமேல் என்னைப் பற்றித்தான். நான் குறட்டை விடுவது, புளுகுவது, ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவது, கல்யாண ஜெபம் பண்ணினது எல்லாம் போய்ச் சேர்ந்தது. மணமக்கள் இடத்தில் ஒரு சின்னச் சிரிப்புச் சத்தம் மாதிரிகூட எனக்குக் கேட்டது. அழுகையாகவும் இருக்கலாம்.

வெளியே வந்தாள். ஜெனிட்டாவுக்குச் சமமாகத் தரையில் உட்கார்ந்தாள். "ஏட்டி, ஒங்க மாமா சொன்னது பொய். யாரும் வரல. எனக்கு ஒண்ணும் சொல்லிவிடல. நான் கேட்டதை அவரு தரல. ஆனா ஒனக்காகக் கேக்கேன், தினம் கேக்கேன். வேணுமா?" அந்தப் பிள்ளை என்னை ஒரு பார்வை பார்த்தது. நான் கூரையைப் பார்த்தேன். "வேணும் அத்தை" என்றது. இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு ஜெபம் பண்ணினார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை.

ஜெனிட்டா போனதும் எனக்கு உத்தரவு. "வர்ற வெள்ளிக்கிழமை எந்திச்சுப் பொய்னு சொல்லுங்க. எந்தெந்தச் சபையில சொன்னியளோ, கூப்பிட்டாங்களோ, எல்லாத்துலயும் போய்ச் சொல்லுங்க."

சொன்னேன். எங்கள் கோயிலில் எழும்பி நின்று, "வெள்ளைச் சட்டைக்காரர் யாரும் வரவில்லை, நான் கட்டிச் சொன்ன கதை" என்று சொன்னேன். என் ஆயுசில் ஒரு சொல்கூடச் சேர்க்காமல் சொன்ன பேச்சு அது ஒன்றுதான். உபதேசியார் எழும்பினார். "எவ்வளவு தாழ்மை பாருங்க! புகழ்ச்சி வேண்டாம்னு மறைக்காரு" என்றார். அல்லேலூயா! மறுபடியும் ஓடு ஆடியது. மேபல் டீச்சர் வந்து, "பிசாசு ஒங்க வாயிலிருந்து சாட்சியைப் பிடுங்கப் பார்க்கான், விட்டுராதிய" என்று எனக்கே புத்தி சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த ஊரிலும் அதே கதை. நோட்டீஸ் அடித்த சபைக்கு இன்றைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன், அதற்குத்தான் இந்த ரயில். அவர்களும் நம்பமாட்டார்கள்.

என்ன கேட்டீங்க? அந்த வெள்ளைச் சட்டைக்காரர் பார்க்க எப்படி இருந்தாரா? இவ்வளவு நேரம் என்னத்தைக் கேட்டீங்க தம்பி! ஆளே வரவில்லை என்கிறேன்! கரண்ட் இல்லாமல் என் மில் என்றைக்கு ஓடியது? கரண்ட் இருக்கும்போதே ஒழுங்காக ஓடாது.

இப்போது நியாயம் சொல்லுங்க. அவள் தினமும் பாயை விரிக்கிறாள். சண்டை போடுகிறாள், ஒருநாள் முறைத்துக்கொள்கிறாள், மறுநாள் மீன்காரனைப் பற்றிப் புகார் சொல்கிறாள். அவளும் அவரும் சேர்ந்துகொண்டார்கள். சேர்த்துவைக்க அலைந்தவன் நான். நாயாக அலைந்து, கத்தி, அழுது... இல்லை, அழவில்லை, மிளகாய். எனக்கு ஒரு வார்த்தை உண்டா? ஒரு சத்தம்? ஒன்றுமில்லை.

நேற்றுச் சாயங்காலம் கேளுங்க. அவள் ஜெபம் பண்ணினாள். முதல் புகார் என்மேல். பிறகு பியூலா, ஜெனிட்டா, மேபல் டீச்சர் முட்டுவலி. முடிக்கப் போகிறாள் என்று ஆமெனுக்குத் தயாராக இருக்கிறேன். "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள்.

எனக்கா வார்த்தைக்குப் பஞ்சம்? வாயைத் திறந்தேன். திறந்ததும் என்னவோ ஆஸ்பத்திரி ஞாபகம் வந்துவிட்டது. அந்தப் பிள்ளையைத் துண்டில் சுற்றி என் கையில்தான் தந்தார்கள் தம்பி. சொர்ணபாய் மகளைப் பிடித்துக்கொண்டு உள்ளே இருந்தாள். மருமகன் சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்தான். நான்தான் வாங்கினேன். கல்லறைத் தோட்டம் வரைக்கும் நான்தான் மடியில் வைத்துக்கொண்டு போனேன். முடி நிறைய இருந்தது. நகம்கூட இருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லி என்ன செய்ய, அதில் சேர்த்துச் சொல்ல ஒன்றுமே இல்லை.

வாய் திறந்தபடி இருக்கிறது, ஒரு சொல் வரவில்லை. ஸ்தோத்திரம்கூட வரவில்லை. கப்பலில் போகிறவர்கள்கூட வரவில்லை. அவள் காத்திருக்கிறாள். தெருவில் சைக்கிள் போகிறது, அடுக்களையில் குழம்பு கொதிக்கிற வாடை வருகிறது, நான் மரம் மாதிரி முழங்காலில் நிற்கிறேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. திடீரென்று "ஆமென்" என்று சொல்லி எழும்பிவிட்டாள்.

"ஏளா, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே" என்கிறேன்.

"கேட்டுட்டாரு. எந்திங்க, சாப்பிட வாங்க" என்கிறாள்.

கேட்டுட்டாராமே! எதைக் கேட்டார்? தொண்டை கிழியக் கத்தினவனுக்குப் பதில் இல்லை, வாயைத் திறந்து ஒன்றும் சொல்லாமல் நின்றவனுக்கு ஆமென். நீங்க படித்த ஆள் மாதிரி தெரியுது, நீங்களே சொல்லுங்க தம்பி, இது நியாயமா?